ஒரு நாள் அவகாசம்

ஏப்ரல் 7, திங்கள்
காலை ஐந்தரைக்கே பால் பண்ணையில் இருந்தேன். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பாலையெல்லாம் சோதித்து, கொழுப்பு எவ்வளவு என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. பாலுக்கு ஞாயிறு கிடையாது. அதனால் எனக்கும் கிடையாது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே பத்து நிமிடம் கிடைக்கும். அதில் ஐந்து கேள்வி படிக்கலாம். ஜூன் ஒன்றாம் தேதி சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. முப்பத்துமூன்று வயதில் இது தேவையா? தேவைதான். வேறு யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 19, சனி
மாட்டுக்குத் தீவனம் வைத்தபடியே என் வீட்டுக்காரர் பொது அறிவுக் கேள்வி கேட்கிறார். விடையையும் சேர்த்தே வாசித்துவிடுகிறார்.
“ஏனுங்க, விடையையும் நீங்களே சொன்னா நான் எதுக்குங்க?”
“நீ சொல்றதுக்குள்ள பொழுது விடிஞ்சுரும் புள்ள.”
சண்டை போட மனம் வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எவ்வளவு அக்கறையாக வாசிக்கிறார்!

மே 2, வெள்ளி
மாதிரித் தேர்வில் பாதிகூட வரவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மே 14, புதன்
நான் பொள்ளாச்சிக்காரி. மலையாள எழுத்து கல்யாணத்துக்குப் பிறகு கற்றது. இருந்தும் வீம்பாக விடுப்புக் கடிதத்தை மலையாளத்திலேயே எழுதி, மேலாளர் ஜின்சி மேடத்திடம் கொடுத்தேன். தேர்வெழுத ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்று. மேடம் இரண்டு முறை வாசித்தார்.
“சிவசங்கரிக்கு ஒரு நாள் அவகாசம் மதியோ? பாக்கி நாளுக்கு வேண்டாமோ?”
ஒரு நாள் போதுமா என்று ஏன் கேட்கிறார்? எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: “மலையாளத்துல அவகாசம்னா உரிமை.”
ஐயோ! ஒரே ஒரு நாளைக்கு எனக்கு உரிமை கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். சட்டம் படிக்கப் போகிறவளின் லட்சணம்! மேடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
மதியத்துக்குள் பண்ணை முழுக்கப் பரவிவிட்டது. கேன் கழுவும் செல்வப்பிரியா, “அக்கா, எனக்கும் ஒரு அவகாசம் வாங்கிக் குடுங்க. மூணு வருசமா ஒரு ஞாயித்துக்கெழம ஊட்ல இருந்ததில்லீங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மே 15, வியாழன்
நேற்று எதற்குச் சிரித்தேன்? வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தொழிலாளியின் உரிமை — போன மாதமே மனப்பாடம் செய்தது. அது எங்களைப் பற்றியது என்று தோன்றவே இல்லையே! ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கு. கேட்டா மட்டும்? மேடம் நல்லவர், முதலாளி எப்படியோ. வேலை போயிட்டா கல்லூரிக்கு யார் கட்டுறது —
முதலில் பரீட்சை.

ஜூன் 1, ஞாயிறு
நன்றாக எழுதினேன். தொழிலாளர் விடுமுறை பற்றியும் ஒரு கேள்வி வந்தது. செல்வப்பிரியாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பாலக்காட்டிலிருந்து திரும்பும் பேருந்தில் வீட்டுக்காரரும் நானும் தேங்காய் பன் தின்றோம். சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி
பட்டியலில் என் பெயர் இருக்கிறது! இந்தத் தரவரிசைக்குக் கல்லூரி நிச்சயம் கிடைக்குமாம். அவர் முதலில் மாட்டிடம் போய்ச் சொன்னார், பிறகுதான் தன் அம்மாவிடம்.

ஜூன் 30, திங்கள்
மறுபடியும் மலையாளத்தில் ஒரு கடிதம். வாரம் ஒரு நாள், முறை வைத்து, எல்லோருக்கும் விடுமுறை. பதினோரு கையெழுத்து; முதலில் என்னுடையது, அடுத்தது செல்வப்பிரியாவுடையது. மேடத்தின் மேசையில் வைத்தேன்.
மேடம் ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தார். “இவிடெயும் அவகாசம். பின்னையும் தப்பா எழுதியோ, சிவசங்கரி?”
“இல்லீங்க மேடம். இந்தத் தடவை மலையாளந்தானுங்க.”
மேடம் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார்.

ஜூலை 13, ஞாயிறு
ஏழரைக்குத்தான் எழுந்தேன். இப்போது வாரம் ஒரு நாள் எல்லோருக்கும் உண்டு, ஞாயிறு மட்டும் மாற்றி மாற்றி. போன ஞாயிறு செல்வப்பிரியாவின் முறை, இன்று என்னுடையது.