அம்மாவின் பெயரில் ஒரு குதிரை

மிஷன், ஓரிகன்
ஆகஸ்ட் 4, 1988

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நேற்று பெட்ரோல் பங்கில் வில்மா பல்லைக் காட்டிக்கொண்டு வந்தாள்: "உங்கம்மா பேரு என்னமா ஓடுதாம்! மொன்டானால ரெண்டு ரேஸ் ஜெயிச்சிடுச்சாமே!"

அம்மாவின் பெயரைக் குதிரைக்கா வைத்தாய்? அம்மா போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. வசந்தத்தில் முதல் கிழங்கெடுக்கும் விருந்தன்று, சடங்கு நடக்கும் நெடுவீட்டில் எல்லார் முன்னாலும் என் மகள் ஜோலினுக்கு அந்தப் பெயரைச் சூட்டும்வரை யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. உனக்குத் தெரியாததா? பேச ஆளில்லாமல் போன நம் கயூஸ் மொழியில் நம் குடும்பத்துக்கு மிஞ்சியது அந்த ஒரு பெயர்தான். அர்த்தம் அம்மாவுக்கே தெரியாது. வெள்ளைக்காரன் ஏற்கெனவே கயூஸ் என்ற நம் இனத்தின் பெயரை மட்டக் குதிரைகளுக்கு வைத்துவிட்டான். மிச்சத்தை நீ வைத்தாயாக்கும்! உடனே மாற்று.

அக்கா,
அர்லீன்

பில்லிங்ஸ், மொன்டானா
ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வில்மாவுக்கு வேறு வேலையே இல்லை.

மாற்ற முடியாது. வேறு பெயரில் கூப்பிட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. உனக்கும் சின்ன வயதில் நெடுவீட்டில் ஒரு பெயர் சூட்டினார்களே, அதைச் சொல்லி உன்னை யாராவது கடைசியாகக் கூப்பிட்டது எப்போது? ஜோலினுக்கும் அதே கதிதான். சூட்டிவிட்டுப் பெட்டியில் பூட்டுவாய்.

அம்மா பெயரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, அக்கா. குதிரைக்கு வைத்தால் தினமும் சொல்லலாம் என்று வைத்தேன். அடுத்த மாதம் உன் பக்கத்து ஊர் பெண்டில்டனில் ஓடுகிறது. வந்து பார்த்துவிட்டுத் திட்டு.

உன் தம்பி,
டெல்பர்ட்

மிஷன்
செப்டம்பர் 20

தம்பி,

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். ஜோலின் இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிசையில் இருந்தோம்; உன் கண்ணில் படவில்லை. கூட்டம் அந்தப் பெயரைக் கத்தக் கத்த எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடைசிச் சுற்றில் அந்தச் சோம்பேறி பின்தங்கியது பார், எனக்கே தெரியாமல் எழுந்து நானும் அம்மா பெயரைக் கத்திவிட்டேன். அப்படியும் தோற்றது, அது வேறு.

ஜோலின் என் கையைப் பிடித்தாள். "அம்மா, இதுதான் எனக்கு வைக்கப்போற பேரா?" வீட்டில் எல்லாருக்கும் அவர் பாட்டிதானே, அந்தப் பெயரைப் பெண் அன்றுதான் முதலில் கேட்டிருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். எல்லாம் உன்னால்தான்.

வசந்தத்தில் நீ வருகிறாய். பெயரை எழுந்து நின்று சொல்லப்போவதும் நீதான், என்னால் முடியாது. பெயர் சூட்டும்போது வழக்கப்படி விருந்தினருக்குக் கொடுக்கக் கம்பளிகள் கொண்டுவா. ஜோலினுக்குக் கொடுக்க அந்தக் குதிரையைக் கொண்டுவா. மறுபேச்சு வேண்டாம்.

வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால், இரண்டும் திரும்பிப் பார்க்கட்டும்.

அர்லீன்