அப்பா பிடுங்காத ஃபியூஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம். நம் ஊர்ப் பழைய அரண்மனை எரிந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். அதற்கு நான்கு நாள் முன்னால் நாங்கள் அங்கே போயிருந்தோம். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் வயரிங் செய்த மனுஷன் அதற்குள் கால் வைத்ததே இல்லை என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் மரம், முந்நூறு வருஷத்துப் பழசு, கூரை முழுக்கப் பறவைகள் வரைந்திருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன், உன் அப்பா வயர் போகிற வழியைப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியில் புறங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்து, "அடுப்பு மாதிரி கொதிக்குதுடி" என்றார். எனக்கே கருகல் வாடை வந்தது. காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஆபீசுக்கு எழுதிப் போட்டு ஆறு மாசமாச்சு சார், பதிலே இல்ல" என்றான் அவன். அப்பா ஃபியூஸைப் பிடுங்கக் கை நீட்டினார். "தொடாதீங்க சார், என் வேலை போயிடும்" என்று அவன் கெஞ்சவும் கையை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், ஈரப் போர்வையில் கரித்தூள் வந்து விழுந்தது. அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து தட்டில் கை வைத்தபடியே இருக்கிறார், சோறு உள்ளே போவதில்லை. இது போதாதென்று, அரண்மனை வாசல் நோட்டில் அப்பா எழுதிய விலாசத்தைப் பார்த்து, நேற்று விசாரணைக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது. கடைசியாகப் பெட்டியில் கை வைத்தது வெளியாள் ஒருவர், எலக்ட்ரீஷியன், என்று அந்தக் காவலாளியே எழுதிக் கொடுத்துவிட்டானாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றால், "அவன் வேலைக்காகத்தானே கையை எடுத்தேன், இப்ப நானே அதைக் கெடுக்கவா?" என்கிறார். தான் தொட்டதை மட்டும் சொல்வாராம், அவன் தடுத்ததைச் சொல்ல மாட்டாராம். நான் சொன்னால் செவிடன் காதில் ஊதின சங்குதான், நீ சொன்னால் கேட்பார். விசாரணை பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு. அதற்குள் அவரிடம் பேசு தாயி, நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உனக்கு ஒரு குறையும் வராது.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா