இருநூறு பேர் சாம்பார், ஒரு ஆளுக்கு

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நெய்வேலியில் நான் சுகம். கல்யாணச் சமையலில் நின்று நின்று வீங்கிய முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மருந்து தடவுகிறீர்களா, இல்லை தடவுவதாகப் பொய் சொல்கிறீர்களா?

ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கினேன். வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டால் எட்டு மணி நேரத்தில் தானாக வெந்துவிடும், ஹோட்டல் செலவு மிச்சம். நீங்கள் சொன்ன இருநூறு பேர் சாம்பார் அளவை இருநூறால் வகுத்துப் போட்டேன். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் மூன்று லிட்டர் சட்டியில் அது ஒரு விரல் உயரம்கூட வரவில்லை. அன்றைக்கென்று சுரங்கத்தில் அடுத்த ஷிப்டு ஆள் வராததால் இரண்டு ஷிப்டும் நானே பார்த்தேன். பதினாறு மணி நேரம் கழித்துத் திறந்தால், கறுப்பாக ஒரு கட்டி.

பக்கத்து குவார்ட்டர்ஸ் நெடுமாறன் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, மைன்ஸ்லேர்ந்து எதையும் வூட்டுக்கு எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு தெரியாதா?" என்றார். பிறகு நாலு தோசை கொடுத்தார். அதனால் கவலை வேண்டாம். குக்கரும் பிழைத்துவிட்டது.

சாம்பாருக்கும் பீன்ஸ் பொரியலுக்கும் ஒரு ஆள் அளவு எழுதுங்கள். "தேவையான உப்பு" என்று எழுதாதீர்கள், கிராமில் வேண்டும். ஒரு ஆளுக்குச் சமைத்துப் பழக்கமில்லை என்பீர்கள். சரி, இரண்டு ஆளுக்கே எழுதுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, உங்களுக்கு வேலையும் இருக்காது. அந்த மாதம் முழுக்க இரண்டாவது ஆள் நீங்கள்தான்.

ஷிப்டு பஸ் வந்துவிட்டது.

செண்பகராஜ்