அம்மா எழுதிக் கொடுத்த பூசைக் கருத்து

கெலிஓயா
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் ஷிராணிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் தம்பி கிளின்ரனும் சுகம், என் முழங்கால் தவிர, அது தன் இஷ்டப்படி இருக்கிறது. நீயும் அந்தக் குளிர் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருவாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நான் போனில் பேசினால் அம்மா குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்பாள், கேட்காத மாதிரிப் பாத்திரம் கழுவுவாள், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள். ஆகவே எழுதித் தருகிறேன், தம்பி படம் பிடித்து அனுப்புவான். அவனை வாசிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், வாசிப்பான்.

அம்மா ஒன்பது நாளாக உன் போன் கோலை எடுக்கவில்லை என்றும், கோபம் என்றால் வருகிற சனி ஞாயிறு சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போகிற பயணத்தை நிறுத்திவிடுவதாகவும் எனக்கு எழுதியிருந்தாய். நடந்தது இதுதான். நீ அனுப்பிய படங்களை நான் யாருக்கும் காட்டவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரே வாரத்தில் இரண்டு சினிமா, ஒரு நாடகம், தியேட்டர் வாசலில் நீ பொப்கோர்ன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம், எல்லாவற்றையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் தம்பி கிரிக்கெட் பார்க்க என் போனை டிவியோடு இணைத்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் வெளியே போயிருந்தான். முன்னறையில் அம்மாவும் அடுத்த வீட்டு அஸீமாவும் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் இரகசியமாகப் பார்த்த ஒவ்வொரு படத்தையும் அவர்கள் இருவரும் டிவியில் பார்த்தார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர்களுக்கும் பெரிதானது. நாடகத்தின் கதையை நீ நீளமாக எழுதியிருந்தாயே, கடலோர வெளிச்சவீட்டுக்காரரின் மகள் சொல்லாமல் கப்பலேறிப் போகிற கதை, முடிவை மட்டும் சொல்ல மாட்டேன் என்று, அதையும் வாசித்தார்கள். நான் சீக்கிரம் தள்ளிவிட்டேன் என்று அஸீமாவுக்கு இன்னும் குறை. கடைசியில் அம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்று நீ எழுதிய வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், அதனால் அது டிவியிலும் கொஞ்ச நேரம் நின்றது.

அம்மா எழும்பிப் போய்ப் பிளேன்டீக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். ஏசியிருந்தால் நான் பயப்பட்டிருக்க மாட்டேன். மறுநாள் கோயிலுக்குப் போய், பூசையில் வேண்டிக்கொள்ள வேண்டிய கருத்துகளை எழுதிப் போடுகிற பெட்டியில் தன் பெயரிலேயே ஒரு துண்டு போட்டுவிட்டு வந்தாள். நம் உபதேசியார் பற்றிக்கைத் தெரியும்தானே, துண்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசிப்பார், ஒன்றைக் கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார். போன ஞாயிறு, இறந்துபோன ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கும் தொலைந்துபோன ஓர் அடையாள அட்டைக்கும் நடுவில், வெளிநாட்டில் படிக்கும் மகள் ஷிராணி படம், நாடகம், பயணம் ஆகியவற்றைக் குறைத்துப் பரீட்சையில் கவனம் செலுத்த வேண்டுமென்று டொரதி குடும்பத்தினர் மன்றாடுவதாக மைக்கில் வாசித்தார். கோயில் முழுவதும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. நானும் சொன்னேன், பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை ஹேவாஹெட்டயிலிருந்து ரத்தினம்மா பெரியம்மா கோல் எடுத்து, ஷிராணி படத்தில் நடிக்கிறாளாமே, எப்போது வரும் என்று கேட்டார். நடிக்கவில்லை, பார்க்கிறாள் என்றேன். அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பெப்ரவரியில் ஒருநாள் நீ கோல் எடுத்து ஒன்றுமே பேச முடியாமல் அழுதுகொண்டே இருந்தாய். அம்மாவும் ஒன்றும் கேட்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றாள், கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நீ அனுப்பிய படங்களில் உன் முகம் எங்களுக்குப் பிடிக்கவில்லை மகள். நல்லா இருக்கேன் என்று நீ சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. அந்தக் கிழமையும் அம்மா ஒரு துண்டு போட்டாள், அதையும் உபதேசியார் வாசித்தார். மகள் ஷிராணி பழையபடி சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் கருத்து. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் துண்டில் எழுதுவாள். அந்தத் தாள் அவளுடைய செபப் புத்தகத்துக்குள் இருந்தது. வியாழக்கிழமை அதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நீ கேட்டதைத்தானே ஆண்டவர் கொடுத்திருக்கிறார், இப்போது திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாயே என்றேன். அம்மா தாளையும் என்னையும் பார்த்துவிட்டு, "சிரிக்கத்தாங்க கேட்டேன், நாடகத்துக்கு அனுப்பச் சொல்லியா கேட்டேன்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்குக் காட்ட வேணாம்னுட்டாளே" என்றாள். படிப்பும் பரீட்சையும் அல்ல, அவளைக் குத்தியது அந்த ஒரு வரிதான். பிறகு தம்பியைக் கூப்பிட்டு அந்தப் பொப்கோர்ன் படத்தை டிவியில் போடச் சொன்னாள். போட்டான். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இன்று காலைப் பூசையில் உபதேசியார் அம்மாவின் புதுத் துண்டை வாசித்தார். பெற்ற வரத்துக்கு நன்றியாகவும், மகள் ஷிராணியும் சிநேகிதிகளும் சனி ஞாயிறு கடற்கரைப் பயணம் சுகமாகப் போய் வரவும், டொரதி குடும்பத்தினர். கோயில் முழுவதும் கேட்டருளும் என்றது, இந்த முறை நான் யோசித்தே சொன்னேன். ஆகவே பயணத்தை நிறுத்துகிற உரிமை இனி உனக்கு இல்லை. முந்நூறு பேர் எழுந்து நின்று மன்றாடியிருக்கிறார்கள், அவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. போய் வா. நல்லாச் சிரி. தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், இது அம்மா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இனி படங்களை அம்மாவுக்கே முதலில் அனுப்பு, நான் டிவியில் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கும் உன் சிநேகிதிகளுக்கும் ஆண்டவருடைய ஆசீரும் மாதாவின் காவலும் எப்போதும் கூட இருக்கட்டும். திரும்பி வந்ததும் மறக்காமல் கோல் எடு, அம்மா எடுப்பாள். எடுத்தால் கோபத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவள் உன்னிடம் ஒன்று கேட்க வைத்திருக்கிறாள். நான்கு நாளாக என்னிடமும் அஸீமாவிடமும் கேட்டுப் பார்த்துவிட்டாள், எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நாடகத்தில் கப்பலேறிப் போன பிள்ளை கடைசியில் வீட்டுக்கு வந்தாளா என்று.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
அ. சவரிமுத்து