இருபத்து மூன்று காளேக்கள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடை ஆபீஸில். ரெயின்கோட் பால்கனியில் காயாமல் ஒரே நாற்றம். கோர்படி ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றேன். இரண்டு கூட்ஸ், ஒன்றன்பின் ஒன்றாக.

செய்ய வேண்டியவை:
- ஒப்பீட்டுக் குறிப்பு (வெள்ளிக்குள்)
- கேஸ் புக்கிங்
- தாரிணியின் தடுப்பூசி அட்டை ஸ்கேன் செய்து ஸ்கூலுக்கு
- தலைக்கு எண்ணெய் (மூன்று வாரமாக இதே வரி, வெட்கம்)

ஒப்பீட்டுக் குறிப்பு ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு. ஏரவாடா பக்கம். நோயாளிப் பதிவு, வார்டு மருந்து எல்லாவற்றுக்கும் நாங்கள் புது சாஃப்ட்வேர் செய்கிறோம். அந்தத் தகவலெல்லாம் எந்த டேட்டாபேஸில் இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெ. = பெரியது. தனி சர்வர், லைசென்ஸ், கவனிக்க ஓர் ஆள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் தாங்கும்.
சி. = சின்னது. மொத்தமே ஒரு ஃபைல். ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம், கவனிக்க யாரும் வேண்டாம். பொது ஃபோல்டரில் வைத்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் திறக்கும். ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நாலு பேர் என்றால் அந்தக் காத்திருப்பே தெரியாது. கூட்டம் சேர்ந்தால் சிக்கும்.

நடுவில் இலவசமாக நல்லதாகவே இன்னொன்று இருக்கிறது. பட்டியலில் சேர்த்தேன். என் மேனேஜர் வெங்கட் சார் அடித்துவிட்டார். "கோளாறு வந்தா யாருக்கு போன் போடுறது? ரெண்டே ரெண்டு போதும்." சென்னைக்காரர், புனேயில் இருபது வருடம். தமிழையும் இந்தியையும் ஒரே கரண்டியில் பரிமாறுவார்.

"அரே, இதுல என்னம்மா யோசனை? ஆஸ்பத்திரிக்காரங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, நாலு யூசர்னு. நாலு பேருக்கு எதுக்கு அவ்ளோ பெருசு? சின்னதைப் போட்டு செப்டம்பர்ல முடிச்சுடு. அக்டோபர்ல நீ கோயம்புத்தூர் ஆபீஸ்ல உக்காந்திருப்ப."

வீட்டுக்காரர் சரவணன் மகள் தாரிணியைக் கூட்டிக்கொண்டு மே மாதமே கோவைக்குப் போய்விட்டார். ஸ்கூல் காத்திருக்காதே. எனக்கு மாற்றல் இந்த வேலை முடிந்தால்தான். சி. என்றால் செப்டம்பர். பெ. என்றால் போட்டுக்கொடுத்து, ஆட்களைப் பழக்கி, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லாம் சேர்த்து ஒரு வருடம். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

பின்னால் நானே நடிக்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதிவைக்கிறேன்: எனக்கு சி. வேண்டும். ரொம்ப வேண்டும்.

மாலை தாரிணி போன். "அம்மா, உன் கபாட்ல ஒரு தட்டு காலி வெச்சிருக்கேன். கிஸீகோ பீ தொட விட மாட்டேன்." ஒன்பது வயது. புனேயில் பிறந்த தமிழ்: அலமாரி என்றால் கபாட், யாரையும் என்றால் கிஸீகோ பீ.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். டப்பாவில் தயிர்சாதம், மூன்றாவது நாள்.

இந்த ஆபீஸில் ஒப்பீட்டு அட்டவணை எப்படிப் போடுவோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முதலில் எது ஜெயிக்க வேண்டும் என்று முடிவு. பிறகு மதிப்பெண். ஜெயிக்கவில்லையென்றால் 'பராமரிப்பு எளிமை'க்கு எடை ஏற்று, 'பாதுகாப்பு'க்கு எடை குறை. காய்கறிக்காரன் தராசு தோற்றது. நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

மதியம் சி. 81, பெ. 64. அழகாக வந்துவிட்டது. பிரிண்ட் எடுக்கப் போனேன், எடுக்கவில்லை.

ஆறு வருடம் முன்பு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அதற்கும் நான்தான் சி. எழுதினேன். "மூணு கவுண்டர்தான் மேடம்" என்றார்கள், நம்பினேன். ஒரு திங்கள் காலை எல்லா ஸ்கிரீனிலும் ஒரே செய்தி: பூட்டப்பட்டுள்ளது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பதினொன்றரை வரை வரிசையில். சுகர்க்கார அம்மா ஒருவர் என் கண்ணெதிரே சரிந்து விழுந்தார். பிஸ்கட் வாங்க ஓடினேன். பிழைத்துக்கொண்டார். மூன்று கவுண்டர் இல்லை, ஒன்பது இருந்தன. நான் போய்ப் பார்த்திருக்கவே இல்லை.

ஐந்து மாடி ஆஸ்பத்திரி. நாலு யூசர். எப்படி?

நாளை நேரில் போகிறேன். வெங்கட் சாரிடம் சொல்லவில்லை. பல் டாக்டர் என்று லீவு.

ஜூலை 9, புதன்

நல்ல மழை. ஆட்டோவில் முழங்கால் வரை நனைந்தேன்.

பதிவுக் கவுண்டரில் காளே என்று ஒருவர். ஐம்பது வயது, பாக்கெட்டில் மூன்று பேனா. டீ வரவழைத்தார். அவர் ஸ்கிரீனில் வலது மூலையில் 'காளே' என்று பெயர். சரி.

இரண்டாம் மாடி, பெண்கள் வார்டு. நர்ஸின் ஸ்கிரீன். வலது மூலையில்: காளே.

எக்ஸ்ரே அறை: காளே. பிரசவ வார்டு: காளே. டயட் கிச்சனில் சப்பாத்தி எண்ணிக்கை போடும் அம்மாவும் காளே. மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியால் ஒட்டிய துண்டுச் சீட்டு, அதில் கீழே கவுண்டரில் இருக்கும் காளேவின் பாஸ்வேர்ட். ஒவ்வொரு மாடியிலும் அதே சீட்டு, அதே கையெழுத்து.

கீழே வந்து அவரையே கேட்டேன். "மேடம், யஹாங் சப் காளே ஹைங்" என்று சிரித்தார். இங்கே எல்லாருமே காளேதான். புது லாகின் வேண்டுமென்றால் படிவம், துறைத் தலைவர் கையெழுத்து, டிரஸ்ட் ஆபீஸ் முத்திரை. டிரஸ்ட் ஆபீஸ் வியாழன் மட்டும், அதுவும் பாதி நாள். யார் அலைவார்கள்? அவர் கொடுத்து உதவுகிறார். "நான் லீவில் போனாலும் சிஸ்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருப்பேன்" என்று பெருமை வேறு. நல்ல மனுஷர், கோபப்படக்கூட முடியவில்லை.

படிவம் போட்டு வாங்கிய லாகின் மொத்தம் நாலு. அதைத்தான் எண்ணி 'நாலு யூசர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொய் இல்லை. பொய்யாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

பத்தரை மணிக்கு மாடி மாடியாக எண்ணினேன். இருபத்து மூன்று ஸ்கிரீன். எல்லாவற்றிலும் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணி முடித்ததும் பட்டியலை மடித்துப் பையில் போட்டேன். ஏன்டி வந்தாய், பல் டாக்டரிடமே போயிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

வெயில். ரெயின்கோட் காய்ந்தது, நாற்றம் போகவில்லை. கேஸ் புக் செய்தாயிற்று.

தெரிந்தது எனக்கு மட்டும்தான். அட்டவணையில் 'யூசர்கள்: 4' என்ற கட்டம் அப்படியே இருக்கிறது. அவர்கள் தந்த தாள், அவர்கள் கையெழுத்து. நான் சி. எழுதினால் ஒருவரும் என்னைக் கேட்க முடியாது. சிக்கும்போது நான் கோவையில் இருப்பேன். பிரசவ வார்டில் மருந்து கொடுத்ததைப் பதிய முடியாமல் ஒரு நர்ஸ் நிற்பாள். கொடுத்தாச்சா இல்லையா என்று அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது. அந்த ஷிப்டு நர்ஸ் இன்னொரு தடவை கொடுப்பாள். அவ்வளவுதான் நடக்கும். அவ்வளவுதான்!

மதியம் வெங்கட் சாரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பல் டாக்டர் அங்கயா இருக்கார்?" என்றார் முதலில். பிறகு கதவைச் சாத்தினார். "இங்க பாரு. அவங்க நாலுன்னு குடுத்தா நமக்கு நாலு. சோடோ யார், விட்டுடு. நீ இதைக் கிளப்பினா பெருசுதான் போடணும். போட்டா வருஷம் பூரா பார்த்துக்க ஆள் வேணும். அந்த இடம் தெரிஞ்சவ இந்த டீம்ல யாரு? நீ ஒருத்திதான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மனுஷர் நிஜமாகவே என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதுதான் தொல்லை.

சாப்பாட்டு நேரத்தில் சரவணனுக்கு போன்.

"ஏங்க, ஒரு வருசம் தள்ளிப் போனா என்னங்க பண்ணுவீங்க?"
அவர் வண்டியை ஓரங்கட்டும் சத்தம். பின்னால் டிராபிக்.
"ஏன் கண்ணு, ஆபீஸ்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"
"யாரும் சொல்லலீங்க. நானாத்தான்."
"நீயா எதுக்கு இழுத்துப் போட்டுக்கறே?"

வைத்துவிட்டேன். பாத்ரூமில் போய் அழுதேன். ஆபீஸ் பாத்ரூம், கை உலர்த்தும் மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

வேலையை விடலாமா? நோட்டீஸ் மூன்று மாதம். அதற்குள் வேறு யாராவது 'நாலு' என்றே எழுதி அனுப்புவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட் போட்டிருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

தூறல். பதினொரு மணிக்கு அட்டவணையைத் திறந்தேன். 4 என்பதை அழித்து 23. எடைகளைத் தொடவில்லை, எனக்குச் சாதகமாக ஏற்றியவற்றைக்கூட. அப்படியும் பெ. ஜெயித்தது. மாடி மாடியாக எடுத்த பட்டியலையும் இணைத்தேன். கையெழுத்து. அனுப்பு.

வெங்கட் சார் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். "பைத்தியம்மா நீ" என்றார். தன் டப்பாவிலிருந்து ஒரு அதிரசம் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாப்பிடவில்லை. நாலு மணிக்குச் சாப்பிட்டேன்.

தலைக்கு எண்ணெய் வைத்தாயிற்று, ஒருவழியாக.

ஜூலை 14, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. மெயில் வந்துவிட்டது. பெ. ஒப்புதல். பொறுப்பு: நான். ஒரு வருடம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வேலை: ஆளுக்கொரு லாகின். முதல் ஷிப்டுக்கே இருபத்து மூன்று படிவம். காளேவுக்கு முகம் வாடிவிட்டது, ஏதோ பறித்துக்கொண்ட மாதிரி. இருந்தாலும் மூன்று பேனாவில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். டயட் கிச்சன் அம்மாவின் பெயர் சுமன். காளேவுக்கே இன்றுதான் தெரிந்ததாம்.

கடைசியில் இன்னொரு படிவத்தை நகர்த்தினார். "ஆப்கா பீ, மேடம்." என்னுடையதும் வேண்டுமாம். பெயர், துறை, எதுவரை தேவை. அந்தக் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. அடுத்த ஜூலை என்று எழுதினேன்.

ஆறு மணிக்கு தாரிணி. அப்பா சொல்லிவிட்டாராம். அழவில்லை. ஒரு இந்தி வார்த்தைகூட இல்லாமல் முழுசாகப் பேசினாள், எப்போது கற்றாளோ.

"அம்மா, அலமாரியில உன் தட்டுல என் புக்கெல்லாம் வெச்சுக்கட்டுமா? நீ வர்ற வரைக்கும்?"

வைத்துக்கொள் என்றேன்.