லசானியாவை முதலில் ருசி பார்த்தவளுக்கு

அக்கா,

நேற்று மாலை மகள் வீட்டில் லசானியா செய்தாள். ஓவனைத் திறந்ததும் சீஸ் உருகி ஓரம் கருகிய வாசனை கூடம் வரை வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னம்மா, வாசம் பிடிக்கலையா?" என்று கேட்டாள். பிடிக்காமல் என்ன? உன் ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் நல்ல ஞாபகமா? எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசையில் நீ என்னை வசமாக மாட்டிவிட்ட ஞாபகம்.

கையுறைத் தொழிற்சாலையில் நான் லைன் லீடர். என் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. எல்லாரும் பயப்படுவார்கள், நீ மட்டும் "போடி இவளே" என்றுவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றேன், ஆனால் ஒரு நாளும் 'நீங்க' போட்டதில்லை. அப்படிப் போட்டால் நீயே சிரித்திருப்பாய்.

மகளுக்கு அலோர் ஸ்டாரிலிருந்து சம்பந்தம் வந்தது. பிள்ளைகள் இருவரும் பேசிப் பழகி முடிவு செய்துவிட்டார்கள், பெரியவர்கள் பார்த்துப் பேசுவதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பா கோயில் தலைவர். அம்மா போனில் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க பக்கம் பேச யாரு வருவாங்க?"

யாரைச் சொல்வேன்? எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் வீட்டு ஆட்கள் என் வாசலை மிதிக்கவே இல்லை. ஆள் இல்லாத வீடு என்று நினைத்துப் பின்வாங்கிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. வாய் தானாகவே சொல்லிவிட்டது: "எங்க அக்கா இருக்காங்க. கூடப் பிறந்தவங்க."

மறுநாள் உன் காலில் விழாத குறை. "மாதா கோயிலுக்குப் போறவள கூட்டிட்டுப் போய்ப் பொட்டு வச்சுப் பொம்மையாட்டம் உட்கார வைக்கப் போறியா?" என்று திட்டினாய். பிறகு மகளை நினைத்து மனம் இறங்கினாய். உனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, அவளைத்தான் தூக்கி வளர்த்தாய். சம்பந்தம் பேசப் போன அன்று சிலுவைச் சங்கிலியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு நெற்றியை என்னிடம் நீட்டினாய். "நீ வாயைத் திறக்கவே கூடாது, சாப்பிடு, சிரி, வந்துடு" என்று நூறு தடவை சொன்னேன். நீயும் சத்தியம் செய்தாய்.

இடத்தை மகள்தான் பார்த்தாள். சுங்கைப் பட்டாணியில் புதிதாகத் திறந்திருந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. எனக்கும் அது சரியாகப் பட்டது. வீட்டில் வைத்தால் நம் பக்கத்துக் காலி நாற்காலிகள் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அவர்கள் பக்கம் ஐந்து பேர், நாம் மூன்று பேர். மெனுவைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்காகக் கேட்க முடியுமா? லைன் லீடர் ஆயிற்றே! எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆர்டர் எடுக்க வந்த மலாய்ப் பெண்ணிடம் படத்தைத் தொட்டுத் தொட்டு, "இது ரெண்டு, இது ஒண்ணு, நடுவுல வச்சுப் பகிர்ந்துக்கலாம்" என்று அடித்துவிட்டேன். மலாய்க்காரர்கள் நடத்தும் கடை, பன்றி இருக்காது, மிச்சமெல்லாம் கோழிதான் என்பது என் கணக்கு. அவர்கள் மாடு சாப்பிடுவார்கள் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

லசானியா வந்தது. அதுவும் அழகாக அடுக்கடுக்காக. நானே எழுந்து வெட்டி, கெட்டிக்காரி மாதிரி முதல் துண்டைச் சம்பந்தியம்மாவுக்கு வைத்தேன், அடுத்ததை உனக்கு. பசியில் நீ முந்திக்கொண்டாய். ஒரு வாய் மென்றாய். உன் தாடை நின்றது. என்னைப் பார்த்தாய். எனக்கு விளங்கிவிட்டது. மேசைக்கு அடியில் உன் காலை நறுக்கென்று மிதித்தேன்.

நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"சம்பந்தி, சாப்பிடாதீங்க. இது மாட்டுக்கறி."

முள்கரண்டி அவர் வாயருகில் இருந்தது. மகள் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டார், "ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் சாப்பிடுவேங்க. நான் கிறிஸ்துவ பொண்ணு."

"தங்கச்சி கோயிலுக்குப் போறவங்க, அக்கா கிறிஸ்துவங்களா?"

மிச்சத்தை நீயே சொல் என்பது போல என்னையே பார்த்தாய். ஐயோ, அந்த நிமிடம் உன்னைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது எனக்கு. என் பிள்ளையின் வாழ்க்கை அந்தத் தட்டில் கிடக்கிறது, இவளுக்கு இப்போதா உண்மை பேச வேண்டும்!

வேறு வழியில்லை. சொன்னேன். "அக்கா இல்லீங்க. கூட வேல செய்யறவங்க. எங்க பக்கம் யாருமே இல்லன்னு தெரிஞ்சா எங்க பொண்ண வேணாம்னுடுவீங்களோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

சம்பந்தியம்மா கரண்டியை வைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு உன் பக்கம் திரும்பினார்.

"பேச்சு முறிஞ்சாலும் முறியட்டும்னு என் வாய்க்குள்ள போறத நிப்பாட்டுனீங்க. இந்த மாதிரி ஒரு ஆளு எங்க பக்கத்துலயே இல்ல லா." மேசையில் இருந்த மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக உன் முன்னால் தள்ளினார். "இதையெல்லாம் பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் நாங்க கை வைப்போம்."

நீயும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் எல்லாத் தட்டிலும் ஒரு வாய் எடுத்தாய். "இது கோழி, சாப்பிடுங்க. இது காளான். இது என்னான்னு தெரியல, ஆனா நல்லாருக்கு." மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். பீட்சா வந்து சேர்ந்தபோது கல்யாண மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கோபம் தீரவில்லை. திரும்பி வரும்போது காடியை ஓட்டிக்கொண்டே கத்தினேன். "ஏன்கா, ஒரு வாய் தெரியாம சாப்பிட்டா செத்தா போயிருவாங்க?" நீ கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைத் துடைத்துக்கொண்டே, "தெரியாம சாப்பிட்டா அவங்களுக்குப் பாவமில்லடி. தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத்தான் பாவம்" என்றாய்.

கல்யாண மேடையில் பெண் வீட்டுப் பெரியவர்களை அழைத்தபோது, சம்பந்தியம்மாவே கீழே இறங்கி வந்து உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சிலுவையோடு நீ நின்ற படம் அவர்கள் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. எனக்கு அதில் பெருமை, இப்போது வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நீ கடைசியாகப் படுத்திருந்த வார்டில் சொந்தக்காரர்களை மட்டும்தான் விட்டார்கள். மலாய்த் தாதி என்னை வாசலிலேயே நிறுத்தி, உன்னிடம் கேட்டாள், இவர் உனக்கு என்ன உறவு என்று. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கே பொய்யைப் பொறுக்காதவள், இப்போது என்ன சொல்லப் போகிறாயோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி" என்றாய், அவளுக்குப் புரிய மலாயிலும் ஒரு முறை. அப்புறம் என்னைப் பார்த்து, "என்னடி நிக்கிற, உள்ள வா" என்றாய்.

உன்னை வழியனுப்பிய பிறகு ஊரில் பலரும் கேட்டுவிட்டார்கள், எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையா என்று. ஒரு அக்கா இருந்தாள், தவறிவிட்டாள் என்கிறேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறுவதில்லை. அது பொய்யாக இருந்திருந்தால், நீ அன்றைக்கே அந்தத் தாதியிடம் சொல்லியிருப்பாய்.