குளிப்பாட்டின கார்

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வெளிநாட்டு கார்ல டேஷ்போர்டுல எஞ்சின் கோளாறு விளக்கு இன்னைக்கும் எரிஞ்சுது. ஆயுத பூஜையிலேருந்து இது நாலாவது தடவை.

பெரம்பலூர் மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துட்டு, "எஞ்சினுக்குத் தண்ணி அடிச்சீங்களா சார்? ஒயரெல்லாம் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கு. இனி விளக்கை அணைக்க அணைக்க எரியும்"னார்.

காருக்குள்ள உக்காந்திருந்த என் வீட்டுக்காரி மல்லிகாவுக்குக் கேட்டுடுமோன்னு, இல்லைன்னுட்டேன். பூஜையன்னைக்கு ஓஸ் பைப்பால எஞ்சினைக் குளிப்பாட்டி, சந்தனம் வச்சவ அவதான். இருபது வருஷம் என் பைக் பின்னாடியே உக்காந்து வந்தவகிட்ட எப்படிச் சொல்றது?

அவர் அணைச்சுக் கொடுத்த விளக்கு, கல்லங்குறிச்சி வர்றதுக்குள்ள மறுபடி எரிஞ்சுது.

"கண்ணு பட்டிருக்குங்க. நாளைக்கு நானே நல்லாக் கழுவிப் பூஜை போட்டுடுறேன்"னா மல்லிகா.

சரின்னுட்டேன். பைப்பை இப்பவே குழாயில மாட்டி வச்சுட்டுத்தான் தூங்குறா.